பிழை உங்கள் நெஞ்சில் இல்லை: ப்ளூஸ் வாசிக்க மவுத் ஓர்கன் வாங்கப் போகிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

நோன்புக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு, என்னிடம் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஓ.எல். எழுதிவிட்டு இப்போது போன் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறான். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் ஒரு மவுத் ஓர்கன்.

"சேர், மூணு மாசமா ஊதுறன். யூடியூப்ல அந்த அமெரிக்காக்காரன் ஊதக்குள்ள அழுற மாதிரி ஒரு சத்தம் வருதே, அது வருதே இல்ல. எனக்கு நெஞ்சில பலம் காணாது போல."

வாங்கிப் பார்த்தேன். மேலே ஒரு வரிசைத் துளை, கீழே ஒரு வரிசைத் துளை. பளபளவென்று நல்ல நீளம். இரண்டு மாதம் சேர்த்த காசில் வாங்கியதாம். கடைக்காரர், "இதுதான் பெரிசு, நிறையத் துளை இருக்கு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நான் சொன்னேன்: "மகன், உன்ட நெஞ்சுல ஒண்டும் இல்ல. நீ தேடுற சத்தம் இந்தப் பெட்டிக்குள்ள இல்ல."

அவன் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "அப்ப என்னில பிழை இல்லையா சேர்?"

மூன்று மாதம் அந்தப் பிள்ளை தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அதை அலுமாரிக்குள் போட்டுவிட்டு, "நமக்கு இதெல்லாம் வராது" என்று முடிவு கட்டியிருப்பான். அந்த முடிவு மவுத் ஓர்கனோடு நிற்காது. அடுத்து எதைத் தொடும்போதும் கூடவே வரும். 12 வருடம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் அது எனக்குத் தெரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ளூஸ் படிக்க ஆசைப்படுகிறவர், முதல் நாளிலேயே சரியான வகையில் ஒரேயொரு நல்ல மவுத் ஓர்கன் வாங்க வேண்டும். "முதலில் மலிவாக ஒன்றில் பழகு, கை வந்த பிறகு நல்லது வாங்கலாம்" என்ற அறிவுரை இந்த விடயத்தில் தலைகீழானது.

இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை நான் இங்கே திறக்கவில்லை. அதைக் கதைக்க உலமாக்கள் இருக்கிறார்கள். அவரவர் நிலைப்பாட்டை மதிக்கிறேன். வாங்குவதென்று முடிவெடுத்தவர்களின் காசு வீணாகக் கூடாது என்பதற்காக மட்டுமே எழுதுகிறேன்.

நான் சங்கீத ஆசிரியர் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். கலாசாலையில் இருந்த காலத்தில் விடுதி அறை நண்பன் ஒருநாள் இரவு போனில் ஒரு வாத்திய இசையைப் போட்டுக் காட்டினான். லிட்டில் வால்டர் என்பவர் வாசித்த "ஜூக்". 1952இல் சிக்காகோவில் பதிவானது. அந்த வருடம் அமெரிக்காவின் ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. சக்ஸபோன் என்றுதான் நினைத்தேன். "மவுத் ஓர்கன்டா" என்றான். நான் நம்பவில்லை.

அடுத்த விடுமுறையில் கொழும்புக்குப் போய் ஒரு கடையில் மவுத் ஓர்கன் வாங்கினேன். அந்தப் பையன் கொண்டுவந்த அதே வகை. ஆறு மாதம் ஊதிவிட்டு மூலையில் போட்டேன். நியமனம் கிடைத்த பிறகு ஒன்லைனில் ஏழு மவுத் ஓர்கன் கொண்ட ஒரு பெட்டி மலிவாகக் கிடைத்தது. ஏழு சுருதி, அழகான பை. அதில் ஒன்றுகூட ஒழுங்காக வளைந்து கொடுக்கவில்லை. மூன்றாவது தடவைதான் சரியான ஒன்றை வாங்கினேன். முதல் இரண்டுக்கும் போன காசைக் கூட்டிப் பார்த்தால் அந்த மூன்றாவதின் விலைக்கு மேலே வருகிறது. ஆகவே இது கெட்டிக்காரன் சொல்லும் புத்தி இல்லை. இரண்டு தரம் ஏமாந்தவன் சொல்வது.

*மூன்று வகை இருக்கிறது*

மவுத் ஓர்கன் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் கடையில் இருப்பவை முக்கியமாக மூன்று வகை.

முதலாவது ட்ரெமலோ. இரண்டு வரிசைத் துளைகளோடு நீளமாக இருக்கும். ஒரே ஒலிக்கு இரண்டு ரீட். இரண்டையும் மிகச் சிறிய வித்தியாசத்தில் சுருதி சேர்த்திருப்பார்கள். அதனால் ஒலி நடுங்கி அலை அலையாக வரும். எங்கள் ஊர்க் கடைகளில் கூடுதலாகக் கிடைப்பது இதுதான்.

இரண்டாவது க்ரோமெடிக். பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் ஒவ்வொரு துளையின் ஒலியும் அரைச் சுருதி ஏறும். எல்லா ஸ்வரமும் கிடைக்கும். விலையும் அதிகம்.

மூன்றாவது டயடோனிக். ஒரே வரிசையில் 10 துளை. நீளம் கிட்டத்தட்ட 4 அங்குலம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பார்த்தால் சின்னப் பிள்ளை விளையாடும் சாமான் போல இருக்கும். ப்ளூஸ் வாசிப்பவர்கள் பெரும்பாலும் பிடிப்பது இதைத்தான். கடைக்காரர் "பெரிசு நல்லது" என்று சொல்லும்போது இந்தச் சின்னது கண்ணிலேயே படாது.

ட்ரெமலோவை நான் குறை சொல்ல வரவில்லை. நேராகப் போகும் மெட்டுகளுக்கு, பழைய படப் பாட்டுகளுக்கு அது அழகான கருவி. எங்கள் வாப்பாமார் தலைமுறைக்கு மவுத் ஓர்கன் என்றால் ஹிந்திப் பாட்டுதான். 1964இல் வந்த "தோஸ்தி" படத்தில் கேட்கும் மவுத் ஓர்கனை வாசித்தவர் ஆர்.டி. பர்மன். அந்த மாதிரி மெட்டு வாசிக்க ஆசையென்றால் ட்ரெமலோவோ க்ரோமெடிக்கோ வாங்குங்கள். இந்தப் பதிவு உங்களுக்கில்லை. ப்ளூஸ் வேறு கணக்கு.

*ஏன் அந்த அழுகை சின்னதில் மட்டும் வருகிறது?*

இங்கே கொஞ்சம் விஞ்ஞானப் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மவுத் ஓர்கனுக்குள் இருக்கும் மெல்லிய பித்தளைத் தகடுதான் ரீட். காற்றுப் பட்டால் அதிரும். நீளமும் பாரமும் மாறினால் மீடிறன் மாறும். டயடோனிக்கில் ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஒரு சிறிய அறை. அந்த ஒரே அறைக்குள் இரண்டு ரீட். ஊதினால் ஒன்று பாடும், உள்ளே இழுத்தால் மற்றது பாடும். 10 துளை, 20 ரீட்.

சி சுருதியில் உள்ள ஒன்றை எடுங்கள். 4ஆம் துளையை ஊதினால் சி. இழுத்தால் டி. இழுத்துக்கொண்டே நாக்கின் இருப்பையும் வாயின் உள்வடிவத்தையும் மாற்றினால் அந்த டி மெதுவாகக் கீழே வழுகும். அதே அறைக்குள் இருக்கும் மற்ற ரீடும் சேர்ந்து அசையத் தொடங்குவதால்தான் இது நடக்கிறது. இதைப் பெண்டிங் என்பார்கள். நாங்கள் வளைத்தல் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு தூரம் வளையும் என்பதும் அந்த இரண்டு ரீடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது. 4ஆம் துளையில் ஒரு அரைச் சுருதி. 2ஆம் துளையில் இரண்டு. 3ஆம் துளையில் மூன்று.

இப்போது ட்ரெமலோவுக்கு வாருங்கள். அதில் ஒவ்வொரு ரீடுக்கும் தனி அறை. பக்கத்தில் துணை ரீட் இல்லை. துணை இல்லாத இடத்தில் இந்த வளைவும் இல்லை. லிட்டில் வால்டரே எழும்பி வந்தாலும் அந்தப் பையனின் பெட்டியில் அந்த அழுகையை எடுத்திருக்க மாட்டார்.

*பிழையான சுருதியில் பிறந்த இசை*

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், ப்ளூஸ் மவுத் ஓர்கனின் முழு வரலாறும் இந்த வளைவுக்குள்தான் இருக்கிறது.

மத்தியாஸ் ஹோனர் என்ற மணிக்கூடு செய்பவர் 1857இல் ஜெர்மனியின் ட்ரொசிங்கன் என்ற சிறு ஊரில் மவுத் ஓர்கன் செய்யத் தொடங்கினார். 1896இல் அந்தக் கொம்பனி மரைன் பேண்ட் என்ற மாதிரியை வெளியிட்டது. இன்றைக்கும் அது விற்பனையில் இருக்கிறது. அந்தக் கருவியின் ஸ்வர ஒழுங்கு ஐரோப்பிய நாட்டுப்புற மெட்டுகளுக்காக அமைந்தது. ஊதினால் எந்தத் துளையிலும் சி, ஈ, ஜி என்ற இனிமையான கூட்டுத்தான் வரும். சி கருவியில் சி சுருதிப் பாட்டை வாசிப்பதே அதைச் செய்தவர்களின் எண்ணம்.

அந்தக் கருவிகள் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகித் தெற்கு மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களில் வேலை செய்த கறுப்பின மக்களின் சட்டைப் பைக்குள் போய்ச் சேர்ந்தன. பியானோ வாங்க வசதி இல்லை. இது மலிவு, பைக்குள் அடங்கும். அவர்கள் அதைத் தலைகீழாகப் பிடித்தார்கள். சி கருவியில் ஜி சுருதிப் பாட்டை வாசித்தார்கள். ஊதுவதைக் குறைத்து இழுப்பதைக் கூட்டினார்கள். செய்தவரின் கணக்குப்படி அது பிழையான சுருதி. ஆனால் அங்கேதான் அவர்களுடைய பாட்டில் இருந்த அந்த இறங்கிய ஸ்வரங்கள் கிடைத்தன. ஜி சுருதி ப்ளூஸுக்கு பி ஃப்ளாட் வேண்டும்: 3ஆம் துளையை இழுத்து வளைத்தால் வரும். டி ஃப்ளாட் வேண்டும்: 4ஆம் துளையை இழுத்து வளைத்தால் வரும். எஃப் வேண்டும்: 5ஆம் துளையை வளைக்காமல் இழுத்தாலே வரும்.

இந்த முறைக்கு க்ரொஸ் ஹார்ப் என்று பெயர். இரண்டாம் நிலை என்றும் சொல்வார்கள். 1937இல் பதிவு செய்யத் தொடங்கிய ஜோன் லீ வில்லியம்சன் என்ற முதலாவது சன்னி போய், இளமையிலேயே பார்வை இழந்த சன்னி டெரி, பிறகு சிக்காகோவில் மைக்கையும் மவுத் ஓர்கனையும் ஒரே கைக்குள் பொத்திப் பிடித்து அம்ப்ளிஃபயரில் போட்ட லிட்டில் வால்டர் என்று எல்லோரும் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

"அவர்களெல்லாம் ஏழைகள், மலிவுச் சாமானில்தானே வாசித்தார்கள்? எங்களுக்கு ஏன் விலை கூடியது?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: அவர்கள் கையில் இருந்த கருவி விலையில் மலிவு, அமைப்பில் சரியானது. தோட்டத்தில் பழகியவர் வாசித்ததும் ஸ்டூடியோவில் இசைத்தட்டுப் போட்டவர் வாசித்ததும் அதே வகை 10 துளைக் கருவி. இன்றைக்கு நமக்கு மலிவாகக் கிடைப்பது வேறு சாமான். காற்று ஒழுகும், ரீட் தடித்திருக்கும், இடைவெளி சீராக இராது. மலிவு என்ற சொல் ஒன்றுதான், பொருள் வேறு.

*பழகுகிறவனுக்கு ஏன் நல்லது வேண்டும்?*

கை வந்த கலைஞர் ஒரு மோசமான கருவியை எடுத்தால், எங்கே ஒழுகுகிறது, எந்த ரீட் மந்தம் என்று அறிந்து சமாளிப்பார். தேவையென்றால் மூடியைக் கழற்றி ரீட் இடைவெளியைத் தானே சரிசெய்வார். புதிதாகப் பழகுகிறவருக்குச் சரியான ஒலி எப்படி இருக்கும் என்றே தெரியாது. சத்தம் வராவிட்டால் அது தன் பிழையா கருவியின் பிழையா என்று பிரித்தறிய அவரிடம் அளவுகோல் இல்லை. அளவுகோல் இல்லாதவர் எப்போதும் தன்னையே குறை சொல்வார். மில்லிமீற்றர் அழிந்துபோன அடிமட்டத்தைக் கொடுத்துவிட்டு, "அளவு பிழை" என்று பிள்ளைக்குப் புள்ளி குறைக்கிற வேலை இது.

ஏழு கொண்ட மலிவுப் பெட்டியின் சிக்கலும் அதுதான். ஏழு சுமாரான கருவியின் காசில் நல்லது ஒன்றைப் பார்க்கலாம். முதல் ஆறு மாதத்துக்கு உங்களுக்கு ஒன்றுக்கு மேல் தேவையே இல்லை.

*எந்தச் சுருதி?*

டயடோனிக் ஒவ்வொன்றும் ஒரு சுருதிக்கு உரியது. பக்கத்திலோ மூடியிலோ சி, ஏ, ஜி என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும். முதலாவதாக சி வாங்குங்கள். காரணம் எளிது. ஒன்லைனில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை சி கருவியை வைத்தே சொல்லித் தருகின்றன. ஒலி உயரத்திலும் அது நடுவில் நிற்கும். ஜி போன்ற தாழ்ந்த சுருதியில் ரீட் நீளம், ஆறுதலாகத்தான் பதில் சொல்லும். எஃப் போன்ற உயர்ந்ததில் வளைவு மிகச் சிறிய அசைவில் நடந்து முடிந்துவிடும். இரண்டும் புதியவருக்குக் கஷ்டம்.

இரண்டாவது வாங்கும் காலம் வரும்போது ஏ வாங்குங்கள். கிட்டார்காரர்கள் ப்ளூஸை ஈ சுருதியில் வாசிக்க விரும்புவார்கள். அதற்கு ஏ கருவிதான் பொருந்தும். கணக்கு இப்படி: பாட்டின் சுருதியில் இருந்து விரலில் நான்கு எண்ணுங்கள். பாட்டு ஜி என்றால் ஜி, ஏ, பி, சி. கருவி சி. பாட்டு ஈ என்றால் ஈ, எஃப், ஜி, ஏ. கருவி ஏ. பாட்டு ஏ என்றால் ஏ, பி, சி, டி. கருவி டி. எஃப் சுருதிப் பாட்டில் மட்டும் கவனம், நான்காவது பி ஃப்ளாட்.

இதைத் தெரியாமல்தான் நான் சரியான கருவி வாங்கிய பிறகும் ஒரு மாதம் குழம்பினேன். "ஜூக்" ஈ சுருதியில் உள்ளது. ஏ கருவியில் வாசித்தது. நான் சி கருவியை வைத்துக்கொண்டு கூடவே ஊதி, எதுவும் ஒட்டவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

*எந்த மாதிரி?*

நான் யாருக்கும் விற்பனை முகவர் இல்லை. என் அபிப்பிராயம் மட்டும்.

எங்கள் காலநிலைக்கும் புதியவருக்கும் பிளாஸ்டிக் சீப்பு உள்ளது நல்லது. சீப்பு என்றால் நடுவில் அறைகள் வெட்டியிருக்கும் பகுதி. பூச்சில்லாத மரம் எச்சிலிலும் ஈரத்திலும் ஊதும். பிறகு காய்ந்து சுருங்கும். பிளாஸ்டிக்குக்கு அந்தக் கரைச்சல் இல்லை. ஹோனரின் ஸ்பெஷல் 20 என்ற மாதிரி இந்த வகை. நான் வைத்திருப்பதும் அதுதான். ரீட் தகடுகள் சீப்புக்குள் பதிந்திருப்பதால் உதட்டில் உரசாது, காற்றும் எளிதில் ஒழுகாது.

லீ ஓஸ்கார் இன்னொன்று. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவின் வோர் என்ற இசைக்குழுவில் வாசித்த கலைஞரின் பெயரில், ஜப்பானின் டொம்போ கொம்பனி செய்வது. ரீட் தகடு பழுதானால் அதை மட்டும் வாங்கி மாற்றலாம். ஆனால் வாங்கும்போது மேஜர் டயடோனிக் என்று இருக்கிறதா பாருங்கள். அதே பெயரில் மைனர் சுருதிக் கருவிகளும் வரும். தெரியாமல் வாங்கினால் பாடங்களோடு ஒத்துப்போகாது.

சுசுகியும் நல்ல டயடோனிக் செய்கிறது. கார் செய்யும் சுசுகி வேறு, இது வேறு. 1847இல் தொடங்கிய ஜெர்மனியின் சைடல் துருப்பிடிக்காத உருக்கு ரீடுகளோடு செய்கிறது, விலை இன்னும் கூட. மரைன் பேண்ட் பற்றிக் கேட்பீர்கள். வரலாறு அதனுடையது, ஒலியும் அருமை. ஆனாலும் முதலாவதாகப் பிளாஸ்டிக் சீப்பையே சொல்வேன்.

விலை? ஸ்பெஷல் 20 வெளிநாட்டில் 50 அமெரிக்க டொலர் அளவில் இருக்கிறது. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 15,000 ரூபா. தபால் செலவும் வரியும் சேர்ந்தால் இன்னும் ஏறும். எனக்குத் தெரியும், இது சின்னக் காசில்லை. ஒரு ஆசிரியரின் சம்பளத்தில் 15,000 என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒன்று மட்டும் வாங்குங்கள் என்கிறேன். அதனால்தான் பிழையானதில் 3,000, 5,000 என்று சிந்தாதீர்கள் என்கிறேன். இப்போது முடியாவிட்டால் பொறுங்கள். காசு சேரும்வரை நிறையக் கேளுங்கள். காது பழகுவதற்குக் காசு வேண்டாம்.

பாவித்த கருவி வாங்க வேண்டாம். வாயில் வைக்கும் சாமான், ரீட் எவ்வளவு களைத்திருக்கிறது என்று வெளியில் தெரியாது. மைக், அம்ப்ளிஃபயர் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். கையைப் பொத்தித் திறப்பதிலேயே படிக்க நிறைய இருக்கிறது.

*வெளிநாட்டில் இருந்து கொண்டுவரச் சொன்னால்*

எங்கள் வீடுகளில் நல்ல சாமான் என்றால் கட்டாரில் இருக்கும் மச்சானிடமோ சவூதியில் இருக்கும் நானாவிடமோ சொல்வதுதான் வழக்கம். "மவுத் ஓர்கன் ஒண்டு கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் பெரிய ட்ரெமலோதான் வந்து சேரும். அவர்களில் பிழை இல்லை. நாங்கள் சொன்னது காணாது. வட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: டயடோனிக். 10 துளை, ஒரே வரிசை. சி சுருதி, மேஜர். மாதிரியின் பெயர். கூடவே அதன் படம். "வேற ஒண்டு நல்லது எண்டு கடைக்காரன் சொன்னால் வாங்காம வாங்க" என்றும் ஒரு வரி.

*கைக்கு வந்த பிறகு*

ஒவ்வொரு துளையாக மெதுவாக ஊதியும் இழுத்தும் பாருங்கள். 20 ஒலியும் வர வேண்டும். 2ஆம் துளையை இழுக்கும்போது சத்தம் அடைத்தாற்போல் வந்தால் உடனே கருவியைத் திட்டாதீர்கள். ஏறக்குறைய எல்லாப் புதியவருக்கும் அந்த இடத்தில் அப்படித்தான். கூடுதல் பலத்தோடு இழுத்து, தெரியாமலே வளைத்துவிடுகிறோம். ஒரு சோதனை சொல்கிறேன். 3ஆம் துளையை ஊதினால் வருவதும் 2ஆம் துளையை இழுத்தால் வருவதும் ஒரே ஜி. இரண்டும் ஒன்றாகக் கேட்கும்வரை மூச்சைத் தளர்த்திப் பழகுங்கள். நல்ல கருவியின் பிரயோசனம் இதுதான். சத்தம் வராதபோது எங்கே திருத்துவது என்று தெரியும். அப்போது பிழை என்னில்தான் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. திருத்தக்கூடிய பிழை அது.

வாயைக் கொப்பளித்துவிட்டு வாசியுங்கள். முடிந்ததும் துளைகள் கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டி ஈரத்தை வெளியேற்றுங்கள். பலமாக ஊதாதீர்கள், இழுக்காதீர்கள். ரீட் களைத்துச் சுருதி இறங்குவது பெரும்பாலும் அதனால்தான். வளைப்பது ஒரு நாளில் வராது. எனக்கு ஏழு கிழமை எடுத்தது.

அந்தப் பையனின் கதையை முடிக்கிறேன். அவனுடைய தாத்தாவின் மாப்பிள்ளை தோஹாவில் இருக்கிறார். நோன்புப் பெருநாளைக்கு ஊருக்கு வரும்போது சி சுருதியில் ஒன்று கொண்டுவந்தார். பழைய ட்ரெமலோவைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டானாம். அவள் அதில் ஏதோ ஹிந்திப் பாட்டு வாசிக்கிறாளாம், நன்றாகவே.

போன கிழமை இரவு பத்தரைக்கு ஒரு வொய்ஸ் அனுப்பியிருந்தான். 4ஆம் துளை. இழுக்கிறான். டி கேட்கிறது. பிறகு ஒரு விநாடி, அவ்வளவுதான், அது கீழே வழுகி டி ஃப்ளாட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. பின்னால் அவனுடைய உம்மா "படுடா" என்று சத்தம் போடுவதும் கேட்கிறது. கடைசியில் மூச்சு வாங்க அவன் குரல்: "சேர், வளைஞ்சிட்டு."

மூன்று மாதம் பலம் காணாது என்று நினைத்த அதே நெஞ்சுதான்.

உங்கள் வீட்டிலும் ஒரு மவுத் ஓர்கன் அலுமாரிக்குள் கிடந்தால் எடுத்துத் துளையை எண்ணிப் பாருங்கள். வாங்கப் போகிறீர்கள் என்றால் காசு கொடுக்கும் முன் படத்தை இன்பொக்ஸில் அனுப்புங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கிளிநொச்சியோ கிண்ணியாவோ, எங்கே நியாய விலையில் நல்ல டயடோனிக் கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் கொமெண்டில் எழுதுங்கள். பின்னால் வரும் பிள்ளைகளுக்கு உதவும்.